மம்லூக்குகள்: எஜமானுக்கு உயிரைக் கொடுத்தவர்கள் அவர் மகனை ஏன் வெட்டினார்கள்?

#1 தாளடி

சிலுவைப் போர்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு இடத்தில் சிக்கிக்கொண்டேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

1249 நவம்பர். பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயியின் படை எகிப்தின் தமியாத்தாவைப் பிடித்துவிட்டுக் கெய்ரோவை நோக்கி வருகிறது. அந்த நேரம் பார்த்து அய்யூபிய சுல்தான் அஸ்ஸாலிஹ் அய்யூப் மன்சூராவில் இறந்துபோகிறார். அவர் மனைவி ஷஜருத் துர் சாவை வெளியே தெரியாமல் மறைக்கிறார். சுல்தான் விலைக்கு வாங்கி வளர்த்த பஹ்ரீ மம்லூக்குகள், அதாவது அடிமையாக வாங்கிப் பயிற்சி கொடுக்கப்பட்ட போர்வீரர்கள், முன்னால் நின்று சண்டை போடுகிறார்கள். கடைசியில் லூயியே கைதியாகிறார். சரி, இதுவரை புரிகிறது. ஆனால் வெற்றி கிடைத்துச் சில வாரங்களில், 1250 மே தொடக்கத்தில், அதே ஆட்கள் அதே எஜமானின் மகன் தூரான்ஷாவைத் துரத்தித் துரத்தி வெட்டுகிறார்கள். நைல் ஆற்றுப் பக்கம் ஓடியும் விடவில்லை.

அப்பனுக்கு அவ்வளவு விசுவாசம், பிள்ளைக்கு இவ்வளவுதானா?

இது ஒரு தடவை நடந்தது என்றால் விட்டுவிடலாம். அந்தப் பஹ்ரீகளில் ஒருவராக இருந்து பின்னால் சுல்தான் ஆன பய்பர்ஸ் 1277-இல் இறந்தார். மகன் பரகா 1279-இல் பதவியிலிருந்து இறக்கப்பட்டார். அவர் தம்பி, ஏழு வயது ஸலாமிஷ், சில மாதம் உட்கார்ந்தார். அப்புறம் கலாவூன். இந்தக் கலாவூன் யார் என்றால் பரகாவுக்குப் பெண் கொடுத்த மாமனார்! அரசியலில் எல்லாம் சகஜம் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டாம். இதற்குள் ஏதோ ஒரு ஒழுங்கு இருப்பது போலத் தெரிகிறது, என்னவென்று பிடிபடவில்லை.

#2 மண்ணடிவாசி

நல்ல கேள்வி, தாளடி. கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மம்லூக் எப்படி உருவாகிறான் என்று பாருங்கள். கருங்கடலுக்கு வடக்கே புல்வெளியில் கிப்சாக் துருக்கியர்கள். மங்கோலியர் அடித்த அடியில் அந்தக் கூட்டங்கள் சிதறின. பிள்ளைகள் வியாபாரிகள் கைக்கு வந்தார்கள். ஸாலிஹ் அய்யூப் தன் உறவினர்களையே நம்ப முடியாத நிலையில் இருந்தவர். அய்யூபியக் குடும்பத்தில் அண்ணன் தம்பி, சித்தப்பன் எல்லாரும் ஆளுக்கொரு ஊரை வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் ரத்த உறவு இல்லாத பையன்களை மொத்தமாக வாங்கி, நைல் நடுவே இருக்கும் ரவ்ழா தீவில் கோட்டை கட்டிக் குடிவைத்தார். பஹ்ரீ என்ற பெயர் அங்கிருந்து வந்தது என்பார்கள்.

வாங்கி வரப்பட்ட பையனுக்குத் தாய் தகப்பன் இல்லை, ஊர் இல்லை, மொழி தெரிந்தவர்கள் பக்கத்துப் பாயில் படுத்திருக்கும் மற்றப் பையன்கள் மட்டுமே. மார்க்கக் கல்வி சொல்லிக்கொடுக்க ஒரு ஃபகீஹ் (மார்க்கச் சட்ட அறிஞர்) வருவார். கண்காணிக்கத் திருநங்கைகள் என்று சொல்ல முடியாது, விதை நீக்கப்பட்ட அலுவலர்கள் இருப்பார்கள்; அந்த வேலைக்குப் பெரிய மரியாதை உண்டு. பிறகு குதிரையேற்றம், வில், ஈட்டி, வாள். பயிற்சி முடிந்ததும் விடுதலை செய்து குதிரையும் ஆயுதமும் கொடுப்பார்கள். இந்த இடத்தைக் கவனியுங்கள். படையில் சேரும்போது அவன் சட்டப்படி அடிமை கிடையாது. விடுதலை பெற்றவன். ஆனால் விடுதலை கொடுத்தவரோடு அவனுக்கு உள்ள பந்தம் சாகும்வரை அறுபடாது. அந்த எஜமானை உஸ்தாத் என்பார்கள். ஒரே உஸ்தாதிடம் வளர்ந்தவர்கள் தங்களுக்குள் குஷ்தாஷ், அதாவது கூடப்பிறக்காத கூடப்பிறப்புகள்.

இந்த இரண்டு கயிறுதான் முழு அமைப்பும். மேலே உஸ்தாத், பக்கத்தில் குஷ்தாஷ். இதில் உஸ்தாதின் மகனுக்கு எங்கே இடம்? அவன் யாரையும் வாங்கவில்லை, வளர்க்கவில்லை, விடுதலை செய்யவில்லை. ஸாலிஹின் மம்லூக் ஒருவன் தூரான்ஷாவுக்குக் கடன்பட்டது ஒன்றும் இல்லை.

தூரான்ஷா அதை இன்னும் மோசமாக்கினார். அவர் வளர்ந்தது தூரத்தில், டைகிரிஸ் கரையில் ஹிஸ்ன் கைஃபாவில். வரும்போதே தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து பதவிகளை அவர்களுக்குக் கொடுத்தார். ஷஜருத் துர்ரிடம் அப்பாவின் சொத்து எங்கே என்று நெருக்கினார். குடித்துவிட்டு மெழுகுவத்திகளின் தலையை வாளால் சீவி, பஹ்ரீகளுக்கும் இதுதான் கதி என்று சொன்னதாக ஒரு செய்தி உண்டு. உண்மையோ பொய்யோ, அந்தச் செய்தி பரவியதே போதும்.

#3 குதிரைவாலி

இவ்வளவு உருக வேண்டியதில்லை பாய். சம்பளம் யார் கொடுக்கிறானோ அவன் பக்கம். புது முதலாளி தன் ஆட்களைக் கொண்டுவருகிறான், பழைய ஆட்களுக்கு வேலை போகப்போகிறது, முந்திக்கொண்டார்கள். செஞ்சோற்றுக் கடன் எல்லாம் சோறு வருகிறவரைக்கும்தான்.

#4 மண்ணடிவாசி

குதிரைவாலி, சம்பளம் முக்கியமில்லை என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் வெறும் சம்பளம் என்றால் ஒரு விஷயத்தை எப்படி விளக்குவீர்கள்? பய்பர்ஸை முதலில் வாங்கியவர் ஐதகீன் அல்புந்துக்தார் என்ற அமீர், அதாவது படைத்தலைவர். ஸாலிஹ் அவர்மேல் கோபப்பட்டுச் சொத்தைப் பறித்தபோது பய்பர்ஸ் ஸாலிஹ் கைக்கு மாறினார். பின்னால் பய்பர்ஸ் சுல்தான் ஆனபோது அந்தப் பழைய எஜமான் ஐதகீன் அவருக்குக் கீழே அமீராக வேலை பார்க்கிறார். 1261-இல் டமாஸ்கஸில் கலகம் செய்த சன்ஜரை அடக்க அவரைத்தான் அனுப்பினார்கள். இத்தனைக்கும் சுல்தானின் பெயரோடு கடைசிவரை அல்புந்துக்தாரி என்று அந்த மனிதரின் பெயர் ஒட்டிக்கொண்டேதான் இருந்தது. நாட்டையே ஆள்கிறவர், தான் யாருடைய அடிமையாக இருந்தோம் என்பதைப் பெயரிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார். வெட்கப்படவில்லை. கலாவூனும் அப்படித்தான், ஆயிரம் தீனாருக்கு வாங்கப்பட்டவர் என்பதால் அல்அல்ஃபீ. அவ்வளவு விலை கொடுத்தார்கள் என்று பெருமை.

#5 கணக்கப்பிள்ளை

குதிரைவாலி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் 'சம்பளம்' என்று சொன்னதும் மாசக்கடைசியில் கையில் வாங்குகிற காசு என்று நினைத்தால் படம் தப்பாகிவிடும். பாசறை மம்லூக்குகளுக்கு மாதப்படி, இறைச்சி, குதிரைக்குத் தீவனம் எல்லாம் உண்டு. அமீர்களுக்கு இக்தா.

இக்தா என்பது நிலத்தின் வரியைத் தண்டிக்கொள்ளும் உரிமை. நிலம் அவருடையது ஆகாது. விற்க முடியாது, பிள்ளைக்கு எழுதிவைக்க முடியாது. சுல்தான் நினைத்தால் மாற்றலாம், பிடுங்கலாம். பத்து குதிரைவீரருக்கு அமீர், நாற்பதுக்கு அமீர், நூறுக்கு அமீர் என்று படிநிலை. நூறு பேர் அமீர் போர்க்களத்தில் ஆயிரம் பேருக்குத் தலைமை ஏற்பார். எகிப்தில் அப்படிப்பட்ட பெரிய இடங்கள் கணக்குப்படி இருபத்துநான்கு. இக்தாவில் வருவதில் பெரும்பங்கு அமீரின் சொந்த மம்லூக்குகளைத் தீனிபோட்டு வைக்கவே போய்விடும். அதாவது ஒவ்வொரு அமீரும் சின்ன அளவில் ஒரு உஸ்தாத்.

இப்போது தாளடியின் கேள்விக்கு வாருங்கள். சுல்தான் செத்தால் என்ன ஆகும்? அந்த இருபத்துநான்கு இடமும் ஆடும். புது சுல்தான் தான் வாங்கி வளர்த்தவர்களை மேலே ஏற்ற இடம் வேண்டும். இடம் எங்கிருந்து வரும்? பழையவர்களை இறக்கித்தான். பரகா செய்தது அதுவே. அப்பா பய்பர்ஸின் தோழர்களான மூத்த அமீர்களை ஓரங்கட்டித் தன்னோடு வளர்ந்த இளசுகளுக்குத் தூக்கிக் கொடுத்தார். மூத்தவர்களுக்குத் தலைவர் கலாவூன். மாமனாராவது மருமகனாவது.

நில அளவை என்ற பெயரிலும் இது நடந்தது. 1298-இல் சுல்தான் லாஜீன் எகிப்து முழுவதையும் மறுபடி அளந்து இக்தாக்களைக் கலைத்துப் பிரித்தார். அடுத்த வருஷமே கொல்லப்பட்டார். 1315-இல் அந்நாஸிர் முஹம்மத் மறுபடி அளந்தார். எகிப்து நிலத்தை இருபத்துநான்கு பங்காகக் கணக்கு வைப்பார்கள். அதில் பத்துப் பங்கைச் சுல்தானின் சொந்த வருவாய்க்கு எடுத்துக்கொண்டார். மிச்சம் பதினான்குதான் அமீர்களுக்கும் படைக்கும். ஒவ்வொருவருக்கும் கொடுத்ததையும் ஒரே இடத்தில் கொடுக்காமல் பல ஊர்களில் துண்டு துண்டாகச் சிதறவிட்டார், யாரும் ஒரு பகுதியில் வேர்விடக் கூடாது என்று. கெட்டிக்காரர். அவர் படுக்கையில்தான் செத்தார்.

#6 குதிரைவாலி

ஆக, காசுதான். நன்றி கணக்கரே.

#7 ஏட்டுச்சுரை

இந்த இடத்தில் வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன் வராமல் இருக்க முடியாது. தூனிஸில் 1332-இல் பிறந்தவர். வட ஆப்பிரிக்க அரண்மனைகளில் எல்லாக் கட்சியிலும் இருந்து பார்த்து, சிறையும் பார்த்து, 1382 கடைசியில் எகிப்துக்கு வந்தார். பர்கூக் சுல்தான் ஆகிச் சில வாரம்தான் ஆகியிருந்தது. அவரே பின்னால் இவரை மாலிகி மத்ஹபின் (சட்டப் பள்ளியின்) காழியாக, அதாவது நீதிபதியாக, நியமித்தார்.

அவருடைய அஸபிய்யா (குழுவைக் கட்டிவைக்கும் பிணைப்பு) பற்றி எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: பாலைவனத்துக் குலம், ரத்தபாசம், ஒற்றுமை, நகரத்தைப் பிடிப்பது, நான்கு தலைமுறையில் சொகுசாகிச் சரிவது. ஆனால் அவர் ரத்தத்தோடு நிறுத்தவில்லை. குலவழி உறவு என்பதே மனம் உண்டாக்கிக்கொள்ளும் ஒன்று, அதனால் வரும் பிணைப்பும் உதவியும்தான் அதன் பயன் என்று வெளிப்படையாகவே எழுதுகிறார். அந்தப் பிணைப்பு ஆணையிட்டுச் செய்த கூட்டிலும் வரலாம், விடுதலை செய்தவர் - விடுதலை பெற்றவர் உறவிலும் வரலாம், ஒருவரை ஆளாக்கிவிட்டவரோடும் வரலாம்.

பிறகு இன்னொரு இடத்தில் ஒரு ஆட்சி சரிகிற காலத்தில்தான் மன்னன் சொந்தக் குலத்தைத் தள்ளிவிட்டு வாங்கிய ஆட்களையும் வளர்த்த ஆட்களையும் நம்பத் தொடங்குகிறான் என்கிறார். பாக்தாத் கலீபாக்களான அப்பாசியர்களுக்கு அது பொருந்தும். கலீபா முஃதஸிம் துருக்கிய வீரர்களுக்காகவே 836-இல் சாமர்ரா நகரைக் கட்டினார். 861-இல் அவர் மகன் முதவக்கிலை அந்த வீரர்களே கொன்றார்கள். (தாளடி, உங்கள் கேள்வி நானூறு வருஷம் பழையது, பாருங்கள்.) ஆனால் கெய்ரோவில் மம்லூக் ஆட்சி தொடங்கியதே வாங்கிய ஆட்களில்! சரிவின் அடையாளம் என்று அவர் சொன்ன ஒன்று இங்கே அஸ்திவாரமாக இருக்கிறது. அவரும் இதைக் கவனிக்காமல் இல்லை. தன் வரலாற்றில், இஸ்லாமிய உலகம் மூச்சுத் திணறிய நேரத்தில் அடிமை வியாபாரத்தின் வழியாகவே இறைவன் காவலர்களை அனுப்பினான் என்று மம்லூக் முறையைப் புகழ்கிறார். புதுப் புல்வெளிப் பையன்கள் வந்துகொண்டே இருந்தால் நான்கு தலைமுறைக் கணக்கே எழாது. ஒவ்வொரு தலைமுறையும் முதல் தலைமுறைதான்.

#8 தாளடி

ஏட்டுச்சுரை சொன்ன கடைசி வரி எனக்கு ஒரு வாசலைத் திறக்கிறது. அப்படியானால் மகன்கள் ஒதுக்கப்பட்டது தற்செயல் இல்லையா? வேண்டுமென்றே செய்த ஏற்பாடா?

#9 மண்ணடிவாசி

அமீரின் மகன் சுதந்திரனாக, முஸ்லிமாக, கெய்ரோவில், அம்மா மடியில் பிறந்தவன். பாசறையில் பசித்துக் கிடந்தவன் கிடையாது. அவனுக்கு உஸ்தாத் இல்லை, குஷ்தாஷ் இல்லை. பெயரே முஹம்மத், அஹ்மத் என்று இருக்கும். பய்பர்ஸ், கலாவூன், லாஜீன் போல இருக்காது. இவர்களை அவ்லாதுந் நாஸ் என்பார்கள். பெரும்பாலும் ஹல்கா என்ற இரண்டாந்தரப் படையில் சின்ன இக்தா கிடைக்கும். சிலர் படிப்புப் பக்கம் போனார்கள். வரலாறு எழுதிய இப்னு தக்ரீபிர்தீ அப்படி ஒருவர். அவர் அப்பா பர்கூக் வாங்கிய மம்லூக், டமாஸ்கஸ் ஆளுநர்வரை உயர்ந்தவர். மகன் பேனா பிடித்தார்.

எழுதிவைத்த சட்டம் என்று நினைக்க வேண்டாம். விதிவிலக்குகள் ஏராளம், சில காலங்களில் விதிவிலக்கே விதியாகவும் இருந்தது. ஆனால் பொதுவான போக்கு இது.

#10 பாதிப்படிப்பு

ஒரு நிமிஷம். எல்லாரும் ஒரே பாட்டு பாடுகிறீர்கள். கலாவூன் குடும்பம் 1279-இலிருந்து 1382 வரை, நடுவில் ஒன்றிரண்டு பேரைத் தவிர, நூறு வருஷம் சிம்மாசனத்தில் இருந்ததே, அதை என்ன செய்வது? அந்நாஸிர் முஹம்மத் மூன்று தடவை சுல்தான். 1341-இல் அவர் இறந்தபிறகு அவர் பிள்ளைகளில் எட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்தார்கள், அப்புறம் பேரன்கள் வேறு. மகனுக்கு இடமே இல்லை என்ற கோட்பாட்டில் இவ்வளவு பெரிய ஓட்டையா?

#11 மண்ணடிவாசி

ஓட்டைதான், மறைக்கவில்லை. ஆனால் உள்ளே யார் ஆண்டார்கள் என்று பாருங்கள். அந்நாஸிர் முதல் தடவை உட்கார்ந்தபோது எட்டு ஒன்பது வயதுப் பையன், ஆண்டது அமீர் கித்புகா. இரண்டாவது தடவையும் பெரிய அமீர்கள் பிடியில் மூச்சுவிட முடியாமல் இருந்து, கடைசியில் ஹஜ் போகிறேன் என்று கிளம்பிக் கரக் கோட்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். 1310-இல் சிரிய அமீர்களின் துணையோடு திரும்பிவந்த பிறகுதான் உண்மையான ஆட்சி. முப்பது வருஷத்துக்கு மேல். அந்த முப்பது வருஷத்தில் என்ன செய்தார்? அப்பா காலத்து ஆட்களை ஒவ்வொருவராக ஒழித்துவிட்டுத் தானே வாங்கி, தானே வளர்த்து, தன் பெண்களைக் கட்டிக்கொடுத்துப் புது வட்டம் ஒன்று உருவாக்கினார். அப்பா பெயரால் கிடைத்த இடத்தைத் தன் கையால் உஸ்தாத் ஆகித்தான் காப்பாற்றிக்கொண்டார்.

கவ்ஸூன் கதையைக் கேளுங்கள். பொன்மந்தைக் கூட்டம் என்ற வடக்கத்து மங்கோலிய அரசின் இளவரசி ஒருத்தி அந்நாஸிருக்கு மணமகளாக வந்தாள். அந்தக் கும்பலோடு சின்னச் சின்னச் சரக்கு விற்க வந்தவன் இவன். யாருக்கும் அடிமை கிடையாது. சுல்தானுக்குப் பிடித்துப்போய், தன்னைத்தானே சுல்தானுக்கு விற்றுக்கொண்டான்! சுதந்திரனாக இருந்தால் அரண்மனையில் அந்நியன், விலைக்குப் போனால் குடும்பத்தில் ஒருவன். கொஞ்ச வருஷத்தில் சுல்தானின் மருமகன், நாட்டிலேயே பெரிய அமீர்களில் ஒருவன். அந்நாஸிர் இறந்ததும் சின்னக் குழந்தை குஜுக்கைச் சிம்மாசனத்தில் வைத்துத் தானே ஆண்டான். 1342-இல் மற்ற அமீர்கள் சேர்ந்து அவனை முடித்துவிட்டார்கள்.

குதிரைவாலி, காசு மட்டும் என்றால் தன்னை ஏன் விற்றுக்கொள்ள வேண்டும்?

#12 குதிரைவாலி

விற்றதால்தானே இவ்வளவு சம்பாதித்தான். முதலீடு.

#13 முகவரிதேடி

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். ஷஜருத் துர் பெயரை முதல் பதிவில் பார்த்தேன், அதற்கப்புறம் ஆளையே காணோம். அவரும் வாங்கப்பட்ட துருக்கியப் பெண்தான். தூரான்ஷா கொல்லப்பட்டதும் 1250-இல் அவரையே சுல்தானாக உட்காரவைத்தார்கள், மூன்று மாதம்கூட இல்லை. அவர் தன் நாணயத்தில் என்ன போட்டுக்கொண்டார் தெரியுமா? முஸ்தஃஸிமைச் சேர்ந்தவள், ஸாலிஹைச் சேர்ந்தவள், முஸ்லிம்களின் அரசி, கலீலின் தாய். முதல் பந்தம் பாக்தாத் கலீபாவோடு, இரண்டாவது தன்னை வாங்கிய எஜமானோடு, கடைசியில் தாய். அந்த மகன் கலீல் சிறுவயதிலேயே இறந்துபோயிருந்தான். செத்த பிள்ளையின் தாய் என்ற தகுதியை வைத்துக்கொண்டு ஒரு பெண் உலகப் பெரும் படை ஒன்றுக்குத் தலைமை தாங்கியிருக்கிறார். பாக்தாத் கலீபா ஒத்துக்கொள்ளவில்லை. சிரியாவில் அய்யூபியர்களும் ஒத்துக்கொள்ளவில்லை. அமீர் அய்பக்கைக் கல்யாணம் செய்துகொண்டு அவருக்கு இடம்கொடுத்தார். பஹ்ரீகளைப் பொறுத்தவரை அவர் ஸாலிஹ் வீட்டு ஆள், அதாவது தங்களில் ஒருவர். தூரான்ஷாவுக்கு இல்லாதது அவருக்கு இருந்தது.

#14 பாதிப்படிப்பு

அருமை. ஆனால் இதெல்லாம் படைக்குள்ளே. சட்டப்படி இது எப்படிச் செல்லும்? நேற்றுவரை சந்தையில் விலைக்குப் போனவன் இன்றைக்குக் காழிகளுக்கு மேலே உட்காருகிறான். உலமா (மார்க்க அறிஞர்கள்) வாயை மூடிக்கொண்டா இருந்தார்கள்?

#15 ஏட்டுச்சுரை

எல்லாரும் இல்லை. இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ் ஸலாம் என்ற ஷாஃபி அறிஞர், ஸாலிஹ் அய்யூப் காலத்தில் கெய்ரோவில் காழியாக இருந்தார். இந்த அமீர்களில் பலர் முறைப்படி விடுதலை செய்யப்படவில்லை, இன்னும் பொதுக் கருவூலத்தின் உடைமைதான், அதனால் அவர்கள் செய்யும் விற்பனை, திருமணம் எதுவும் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னாராம். அமீர்கள் கொதித்தார்கள். சுல்தான் சமாதானம் பேசிப் பார்த்தார். இவர் கழுதையில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஊரைவிட்டே கிளம்ப, ஊர் மக்களும் பின்னாலேயே கிளம்ப, கடைசியில் அமீர்களைப் பொது ஏலத்தில் விட்டு, அந்தப் பணத்தைக் கருவூலத்தில் சேர்த்து, பிறகு விடுதலை செய்தார்கள் என்று கதை. 'அமீர்களை விற்றவர்' என்றே அவருக்குப் பட்டம். பின்னால் வந்த நூல்களில்தான் இந்தக் கதை நன்றாகக் கொழுத்திருக்கிறது, அதைத் தள்ளிப் படிக்க வேண்டும். பய்பர்ஸ் சுல்தான் ஆனபோதும், நீ புந்துக்தாரின் அடிமை என்றுதான் எனக்குத் தெரியும், விடுதலைக்குச் சாட்சி கொண்டுவா, அப்புறம் பைஅத் (விசுவாச ஆணை) செய்கிறேன் என்றாராம். சாட்சி வந்த பிறகே கை கொடுத்தார்.

நேர் எதிர்ப் பக்கத்தில் பத்ருத்தீன் இப்னு ஜமாஆ. 1333-இல் இறந்தவர், கெய்ரோவின் தலைமைக் காழியாக இருந்தவர். யாரும் தேர்ந்தெடுக்காமல் ஒருவன் பலத்தால் ஆட்சியைப் பிடித்தால் அது செல்லும், அவனை இன்னொருவன் பலத்தால் வீழ்த்தினால் அடுத்தவன் ஆட்சி செல்லும், முஸ்லிம்களின் ஒற்றுமை கெடக் கூடாது என்பதே காரணம் என்று எழுதிவைத்தார். ஊரில் நடப்பதைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்.

#16 மண்ணடிவாசி

இப்னு ஜமாஆ எழுதுவதற்கு முன்னாலேயே அமீர்கள் இதைச் செய்துகாட்டிவிட்டார்கள். 1260 செப்டம்பர் 3, பாலஸ்தீனத்தின் அய்ன் ஜாலூத்தில் அப்போதைய சுல்தான் குதுஸ் மங்கோலியரை முறியடித்தார். அடுத்த மாதம் எகிப்துக்குத் திரும்பும் வழியில் வேட்டைக்குப் போன இடத்தில் பய்பர்ஸும் கூட்டாளிகளும் அவரைக் கொன்றார்கள். முதல் வெட்டு யாருடையது என்பதில் பழைய நூல்களுக்குள் சண்டை. பய்பர்ஸ் அலெப்போ ஆளுநர் பதவி கேட்டுக் கிடைக்காத கோபம் என்பது ஒன்று. அதைவிட ஆழமான பழைய கணக்கு ஒன்றும் இருந்தது. 1254-இல் அய்பக், பஹ்ரீகளின் தலைவன் அக்தாயைக் கோட்டைக்கு வரவழைத்துக் கொன்றபோது, அந்தக் காரியத்தில் குதுஸுக்குப் பங்கு உண்டு. பஹ்ரீகள் சிரியாவுக்கு ஓடி ஆறு வருஷம் அலைந்தார்கள். குஷ்தாஷ் ரத்தம். ஆறு வருஷத்தில் காயவில்லை.

கொன்றபிறகு கூடாரத்துக்கு வருகிறார்கள். அங்கே மூத்த அமீர் ஒருவர் (இவர் பெயரும் அக்தாய்தான், குழப்பிக்கொள்ளாதீர்கள்) கேட்கிறார்: அவரைக் கொன்றது உங்களில் யார்? பய்பர்ஸ், நான் என்கிறார். அப்படியானால் அந்த இடத்தில் உட்காருங்கள் என்கிறார். கதை இப்படித்தான் சொல்லப்படுகிறது.

உட்கார்ந்ததும் பய்பர்ஸ் என்ன செய்தார் என்பதுதான் எனக்குச் சுவையான பகுதி. அமீர்களிடம் ஆணை வாங்குகிறார், தானும் அவர்களுக்கு ஆணை கொடுக்கிறார். பாக்தாத் 1258-இல் அழிந்து கலீபாவே இல்லாமல் கிடந்தது. அப்பாசியக் குடும்பத்து ஆள் ஒருவரைக் கண்டுபிடித்து 1261-இல் கெய்ரோவில் கலீபாவாக்கி, அவர் கையாலேயே தனக்குச் சுல்தான் பதவி வாங்கிக்கொள்கிறார். அந்தக் கலீபாவைக் கொஞ்சம் படையோடு ஈராக்குக்கு அனுப்பிவைத்தார், மங்கோலியர் கொன்றுவிட்டார்கள். அடுத்த வருஷம் இன்னொருவர். 1517 வரை கெய்ரோவில் கலீபாக்கள் இருந்தார்கள், சுல்தான்களுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு.

#17 கணக்கப்பிள்ளை

அந்த ஆணைகளைப் பற்றி ஒரு வார்த்தை. சும்மா வாய்ச்சத்தியம் என்று நினைக்க வேண்டாம். பைஅத் வாசகத்தில் அப்பாசியர் காலத்திலிருந்தே பயங்கரமான கொக்கிகள் உண்டு. இதை மீறினால் என் மனைவியர் தலாக் ஆனவர்கள், என் அடிமைகள் விடுதலை, என் சொத்து தானம், மக்காவுக்குக் கால்நடையாக ஹஜ் போவேன் என்று சொல்ல வேண்டும். அரசுக்குக் கொடுக்கும் வாக்கை வீட்டுப் படுக்கையறை வரைக்கும் கட்டிவைத்தார்கள். அதனால்தான் 762-இல் மதீனாவில் கலகம் எழுந்தபோது, நாங்கள் கலீபா மன்சூருக்கு ஏற்கனவே பைஅத் கொடுத்துவிட்டோமே என்று தயங்கியவர்களிடம், கட்டாயத்தில் சொன்ன சத்தியம் செல்லாது என்று இமாம் மாலிக் சொன்னது அவ்வளவு பெரிய விஷயமாகப் போனது. அவருக்குச் சவுக்கடி விழுந்தது.

அப்படியும் முறித்தார்கள். கலீபா ஹாரூன் ரஷீத் 802-இல் தன் இரு பிள்ளைகள் அமீன், மாமூன் இருவரிடமும் எழுதி வாங்கிக் கஅபாவுக்குள்ளேயே தொங்கவிட்டார். 813-இல் அண்ணன் தம்பிச் சண்டையில் அமீன் தலை போனது. லாஜீனிடமும் அமீர்கள் சத்தியம் வாங்கித்தான் சுல்தான் ஆக்கினார்கள்: உன் சொந்த மம்லூக் மங்கூதமூரை எங்கள் தலைக்குமேல் தூக்கி வைக்கக் கூடாது. தூக்கி வைத்தார். 1299 ஜனவரியில் இரண்டு பேரும் போனார்கள்.

#18 பாதிப்படிப்பு

இந்தியப் பக்கமும் இதே கதைதானே? கோரி முஹம்மதுக்கு ஆண் வாரிசு இல்லை என்று ஒருவர் வருத்தப்பட்டபோது, மற்றவர்களுக்கு ஒன்றிரண்டு பிள்ளைகள், எனக்கு ஆயிரக்கணக்கில் துருக்கியப் பிள்ளைகள் என்று தன் அடிமைகளைக் காட்டியதாகச் சொல்வார்கள். 1206-இல் அவர் போனதும் ஐபக், அப்புறம் ஐபக்கின் அடிமையும் மருமகனுமான இல்துத்மிஷ். ஆனால் டெல்லியில் பல்பனுக்கு அடிமை என்ற பெயர் போதவில்லை. பாரசீகக் காவியத்தில் வரும் மன்னன் அஃப்ராசியாபின் வம்சம் என்று ஒரு பாட்டனைத் தேடிப்பிடித்தார். கெய்ரோவில் இந்தத் தேவை எழவில்லை என்பது வியப்பாக இருக்கிறது.

மதுரை சுல்தானகத்தில் கல்யாண உறவு எப்படி வேலை செய்தது என்பதற்கும் ஒரு நல்ல சாட்சி உண்டு. டெல்லியிலிருந்து பிரிந்து மஅபரில் (தமிழகக் கடற்கரைப் பகுதி) தனி ஆட்சி தொடங்கிய ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாவின் ஒரு மகளை இப்னு பதூதா கட்டியிருந்தார். இன்னொரு மகளைக் கட்டியவர் பின்னால் மதுரையில் சுல்தான் ஆன கியாஸுத்தீன். ஆக நம் பயணி மதுரைச் சுல்தானுக்குச் சகலை! அந்த உறவு அவருக்கு வரவேற்பு வாங்கிக் கொடுத்தது. ஆனால் அங்கே கண்ட கொடுமைகளைச் சகலை என்று பார்த்து அவர் எழுதாமல் விடவில்லை.

#19 தாளடி

எதிர்பார்த்ததைவிட நிறையக் கிடைத்துவிட்டது, எல்லாருக்கும் நன்றி. ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. மகன் எப்படியும் நிலைக்கப்போவதில்லை என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தால், ஒவ்வொரு தடவையும் முதலில் மகனை ஏன் உட்காரவைக்க வேண்டும்? நேராகப் பலசாலியே உட்காரலாமே?

#20 மண்ணடிவாசி

யார் பலசாலி என்று அன்றைக்குத் தெரியாது, அதுதான் காரணம்.

15-ஆம் நூற்றாண்டுப் பட்டியலைப் பாருங்கள். 1421-இல் முஅய்யத் ஷைக் இறந்தார், கைக்குழந்தை அஹ்மதைச் சுல்தான் என்றார்கள். சில மாதத்தில் ததர். ததர் அதே வருஷம் இறந்தார், அவர் மகன் முஹம்மத். 1422-இல் பர்ஸ்பாய். 1438-இல் பர்ஸ்பாய் இறந்தார், மகன் யூசுஃப் மூன்று மாதம். பிறகு ஜக்மக். 1453-இல் ஜக்மக் மகன் உஸ்மான் ஒன்றரை மாதம். பிறகு இனால். 1461-இல் இனால் மகன் அஹ்மத் சில மாதம். பிறகு குஷ்கதம். அச்சு மாறவே இல்லை.

அந்தச் சில மாதங்களில்தான் உண்மையான வேலை நடக்கும். செத்த சுல்தானின் மம்லூக்குகளுக்கு உஸ்தாத் போய்விட்டார். அவர்களை யார் தன் பக்கம் இழுப்பது? அவருக்கு முந்தைய சுல்தானின் கிழட்டு மம்லூக்குகள் எந்தப் பக்கம்? சிரியாவில் இருக்கும் ஆளுநர் யாருக்குக் குஷ்தாஷ்? யாருக்கு எந்த இக்தா என்று பேசி முடிப்பது, யார் யாரிடம் ஆணை வாங்குவது, எவரை அலெக்சாந்திரியா சிறைக்கு அனுப்புவது, எல்லாம் அந்தப் பையன் பெயரில் கையெழுத்தாகும். பையனின் சிம்மாசனத்தால் அமீர்களுக்குச் சண்டை தொடங்காமல் பேரம் பேச அவகாசம் கிடைத்தது. பேரம் முடிந்ததும் பையனை இறக்கிவிடுவார்கள். கவனித்தீர்களா, பெரும்பாலும் கொல்லவில்லை. யூசுஃப் தப்பி ஓடிப் பிடிபட்டபோதுகூட அலெக்சாந்திரியாவுக்குத்தான் அனுப்பினார்கள். தூரான்ஷா காலத்துக்கும் இதற்கும் நடுவில் இரு நூறு வருஷம் பழகிவிட்டார்கள்.

#21 குதிரைவாலி

பேரம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நான் கிளம்பலாம்.

#22 மண்ணடிவாசி

கிளம்புங்கள். போகும்போது அந்தப் பேரத்தில் உட்கார்ந்தவர்கள் பட்டியலை எடுத்து யார் யாருடைய ஆள் என்று பாருங்கள். ததரும் பர்ஸ்பாயும் ஜக்மக்கும் பர்கூக் பாசறையில் வளர்ந்தவர்கள், பர்கூக் செத்தது 1399-இல். நாற்பது வருஷம் கழித்தும் அந்த ஒரு பாசறைப் பையன்கள்தான் முறைவைத்து உட்காருகிறார்கள். அவர்களைவிடப் பணக்கார அமீர்கள் இருந்தார்களே, அவர்களில் ஒருவர் ஏன் அந்த விலைக்கு வாங்கவில்லை?